அத்தான் நிற்கிற படம்

ரெத்தினதாஸ் சார் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். இனி எந்தச் சனிக்கிழமையும் அவர் நிற்கப்போவதில்லை.

இதற்கு முன்பு அவர் வாழ்க்கையில் எடுத்த பெரிய தீர்மானங்கள் இரண்டு. கல்யாணமே செய்துகொள்வதில்லை என்பது ஒன்று. செய்துகொண்ட பிறகு, மனைவியின் தம்பி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் என்ன கதியாயின என்பது, பாறசாலை ஜங்ஷனில் பஸ்ஸுக்காக அவர் நின்ற கோலத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு கையில் குடை. மறு கையில் சோற்றுப் பாத்திரம் வைத்த பை. மணி ஏழேகால். சனிக்கிழமை.

வாரம் முழுக்க நின்றே பிழைப்பவர் அவர். திங்கள் முதல் வெள்ளி வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நிற்பார். ஏழாம் வகுப்புக்குப் பின்னம் புரியவைக்கிற முயற்சி இருபத்தாறு வருஷமாக நடக்கிறது. இரு தரப்பிலும் முன்னேற்றம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நிற்பார். மிச்சம் ஒரே ஒரு நாள். அன்றைக்காவது காலை நீட்டிப் படுக்கலாம் என்று இருந்தவரை எழுப்பி நிறுத்தியவன் ராபின்சன்.

ராபின்சன் அவர் மனைவி ரத்னபாயின் ஒரே தம்பி. ஷார்ஜாவில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. ஊரில், திருப்புறத்தில், வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். கொத்தனாரை நம்புவான், சிமெண்டை நம்புவான். ஆனால் அத்தான் பக்கத்தில் இல்லாமல் இரண்டையும் நம்பமாட்டான். “அத்தான் அங்ங நின்னாத்தான் எனக்கு இஞ்ச ஒறக்கம் வரும்” என்று டெலிபோனில் சொன்னான். அன்றிலிருந்து ஏழு மாதமாக அவன் அங்கே தூங்குகிறான், இவர் இங்கே நிற்கிறார்.

உட்காரக்கூடாதா என்று கேட்கலாம். கொத்தனார் விஜயதாஸே மனம் பொறுக்காமல் ஒரு பழைய ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். ஆனால் ரத்னபாயின் உத்தரவு வேறு மாதிரி இருந்தது. “இருக்கிய ஆளுக்க கண்ணு தாழ்ந்து போவும். நின்னாத்தான் நாலு பக்கமும் தெரியும்” என்று சொல்லிவிட்டாள். அவள் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். கமிட்டியிலும் ஓர் ஆள். அவள் சொல்வதை மறுத்துப் பேசப் போதகரே இரண்டு நாள் யோசிப்பார்.

விஜயதாஸ் யோக்கியர். அதுதான் பெரிய கொடுமை. சுவர் நூல் பிடித்தாற்போல் எழும்பியது, சிமெண்டு மூட்டை ஒன்றுகூடத் தொலையவில்லை. ஒரு திருடனாக இருந்திருந்தால் பார்த்துக்கொண்டு நிற்கவாவது சுவாரசியமாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ராபின்சனின் கடிதம் வந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜனவரியில். வீடு வளருவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டுமாம். காமிரா அனுப்பப் போகிறானாம். இரண்டு விதம் இருக்கிறது, எது வேண்டும் என்று அத்தானே சொல்லட்டும் என்று எழுதி, வழவழப்பான இரண்டு படத்தாள்களையும் உள்ளே வைத்திருந்தான்.

ஒன்று, கேசட் போட்டு எடுக்கிற வீடியோ காமிரா. ஒரு கல்யாணத்தை முழுசாகப் பிடித்துவிடலாம். இன்னொன்று, டிஜிட்டல் காமிரா. பிலிமே கிடையாது. கம்ப்யூட்டருக்குள் போடுகிறார்களே ப்ளாப்பி, அந்தச் சதுரத் தட்டை இதன் விலாவில் செருகினால் போதும். ஒரு தட்டில் இருபது படம் பிடிக்கும். வேண்டுமானால் பதினைந்து வினாடிக்கு ஆடுகிற படமும் எடுக்கலாம்.

ரெத்தினதாஸ் அந்த இரண்டு தாள்களையும் நாலு நாள் படித்தார். விடைத்தாளை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. கேசட் காமிரா வந்தால் அடுத்த நாளே அது டி.வி.யில் ஓடும். ரத்னபாயும் பக்கத்து வீட்டு விஜயம்மாவும் காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பார்கள். மூன்று மணிக்கு அவர் கொட்டாவி விட்டது, நாலு மணிக்குச் சுவரில் சாய்ந்தது எல்லாம் தெருவுக்கே தெரியும். ப்ளாப்பி அப்படியில்லை. அதைப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டும். அவர்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது கர்த்தருக்கும் ராபின்சனுக்கும் மட்டுமே வெளிச்சம். அவருடைய மூன்றாவது தீர்மானத்துக்கு அங்கேதான் கால் முளைத்தது.

“பிலிம் இல்லாத காமிராவே போதும், ரத்னா” என்றார். “இனி வரப்போற காலம் அதாக்கும்.”

ரத்னபாய் மரச்சீனிக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“பிலிம் இல்லாம நீங்க முன்னமே படம் எடுத்திருக்கியளே.”

“எப்ப?”

“உங்க அக்கா பேரன் ஜெய்சனுக்க ஞானஸ்நானத்துக்கு. முப்பத்தாறு படம். ஆளுகள வரிச வரிசயா நிறுத்தி, சிரியுங்க சிரியுங்கன்னு சொல்லி.”

“அது பிலிம் சக்கரத்துல மாட்டாம போச்சு. எனக்க குத்தமா?”

“பின்ன ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைக்க குத்தமா?”

ரெத்தினதாஸ் அந்தப் பேச்சை அங்கேயே விட்டார். பதினொரு வருஷமாக அதை எங்கே விடவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

“செரி, இந்தக் காமிராவுல பேச்சும் கேக்குமா?” என்றாள் அவள்.

“கேக்கும். ஆனா பதினஞ்சு செக்கண்டுதான்.”

“பதினஞ்சு செக்கண்டு போதும். சொல்லவேண்டியத சொல்லலாம்.”

அந்த வார்த்தையை அவர் கொஞ்சம் நின்று கவனித்திருக்கவேண்டும். நிற்பதைப் பற்றித்தான் அவருக்கு ஏற்கெனவே ஒரு தீர்மானம் இருந்ததே.

லீவில் வந்த பூவாறுக்காரர் ஒருவர் காமிராவைக் கொண்டுவந்து கொடுத்தார். செங்கல் கனம். படம் எடுத்தால் உள்ளே தட்டு கறகறவென்று அரைத்துவிட்டு அப்புறம்தான் அடுத்த படத்துக்குச் சம்மதிக்கும். பேட்டரி ஒரு மணி நேரத்தில் உயிரை விட்டுவிடும். பெட்டியையும் புத்தகத்தையும் மிச்சமிருந்த வயர்களையும் ரத்னபாய், எல்லா வீட்டுப் பெண்களையும்போல, அலமாரி மேல் பத்திரப்படுத்தினாள்.

முதல் இரண்டு சனிக்கிழமை ரெத்தினதாஸ் யோக்கியமாகவே படம் எடுத்து அனுப்பினார். ராபின்சன் பதில் எழுதினான்: “படம் கிடைத்தது. வீடு தெரிகிறது, அத்தான் தெரியவில்லை. அத்தான் நிற்கிற படம் வேண்டும்.”

நிற்பது போதாதென்று நிற்பதற்கு ருசுவும் வேண்டுமாம். மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம், காமிராவின் பின்பக்கச் சின்னத் திரையில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் யாரோ ஒருவர் தன்னைவிட நேராக நிற்பது கண்ணில் பட்டது. உற்றுப் பார்த்தார். கண்ணேறு பொம்மை.

கட்டி முடியாத வீடு எதுவாக இருந்தாலும் முன்னால் ஒரு வைக்கோல் பொம்மை நிற்கும். ஊர்க் கண் வீட்டில் படாமல் பொம்மையில் படவேண்டும் என்பதற்காக. ராபின்சன் வீட்டில் அதை வைத்தபோது, “வேதக்காரனுக்கு என்ன கண்ணேறு?” என்று ரத்னபாய் கேட்டாள். “காக்கா வெரட்டதுக்குண்ணு வச்சுக்கிடுங்க அக்கா” என்றார் விஜயதாஸ். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. கண்ணேறில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், தம்பி வீட்டுக்குக் கண்ணேறு வருவதில் அவளுக்கு விருப்பம் கிடையாது.

ரெத்தினதாஸுக்கு வேலையிடத்தில் மாற்றிக்கொள்ள ஒரு பழைய சட்டை உண்டு. இளநீலத்தில் கட்டம் போட்டது. அதைப் பொம்மைக்குப் போட்டார். ஒரு பழைய வேட்டியைக் கட்டினார். கையில் தன் குடையை விரித்துச் சொருகினார். முகம் பாதி மறைந்தது. இருபதடி தள்ளிப் போய்த் திரையில் பார்த்தார். அவரேதான். கொஞ்சம் மெலிந்திருந்தார், கூன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விஜயதாஸ் தலையைச் சொறிந்தார்.

“சார், இது செரியாவுமா?”

“வீடு நல்லாத்தானே வருது?”

“வருது.”

“நான் நின்னா இன்னும் நல்லா வருமா?”

விஜயதாஸ் யோக்கியர் என்பதால் கொஞ்சம் யோசித்தார். “இல்ல சார். உள்ளதச் சொன்னா, நீங்க இல்லேன்னா வேலக்காரனுவ நாலு பாட்டு பாடுவானுவ. கொஞ்சம் வேகம் நடக்கும்.”

ஏற்பாடு எளிமையானது. சனிக்கிழமை காலை பாறசாலை ஜங்ஷனில் காமிராவை விஜயதாஸிடம் கொடுப்பது. அவர் திருப்புறம் போய், பொம்மையைச் சமையலறைச் சுவர் பக்கம், தண்ணீர்த் தொட்டி பக்கம் என்று மாற்றி மாற்றி நிறுத்திப் படம் எடுப்பது. சாயங்காலம் சர்ச் வாசலில் காமிராவைத் திருப்பிக் கொடுப்பது. திங்கட்கிழமை ப்ளாப்பி ஷார்ஜாவுக்குத் தபாலில் போகும். எடுத்த படத்தை ரெத்தினதாஸ் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. பேட்டரி செத்திருக்கும். ஆசையும் இல்லை.

நடுவில் இருக்கிற நேரம் அவருடையது. அதை அவர் சர்ச்சில் கழித்தார். சனிக்கிழமை அங்கே ஆள் வராது. பெண்கள் சங்கம் கூடுவது வியாழக்கிழமை. சர்ச்சைத் திறந்து, தூத்து வாரி, மணியடிக்கிற கோயில்குட்டி பொன்னுதாஸ் மட்டும்தான் இருப்பார். அவருக்குச் சோற்றுப் பாத்திரத்தில் பாதி. ரெத்தினதாஸுக்குக் கடைசி பெஞ்சு, தலைக்கு நேர்மேலே காற்றாடி.

ஆகா, அந்தத் தூக்கம். ஏழு மாதத்துத் தூக்கம் வட்டியோடு வந்து சேர்ந்தது. ஒன்பது மணிக்குச் சாய்ந்தால் நாலு மணிக்கு எழும்புவார். நடுவில் பொன்னுதாஸ் சோற்றுக்கு எழுப்புவார். பாதிக் கண்ணில் சாப்பிட்டுவிட்டு மறுபடி சாய்வார். இவ்வளவு சந்தோஷமாக அவர் சர்ச்சில் ஒருநாளும் இருந்ததில்லை.

கஷ்டம் வீட்டுக்குத் திரும்புவதில்தான். நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தைக் களைத்த முகமாக மாற்றவேண்டும். விஜயதாஸிடம் ஒரு பொட்டலம் சிமெண்டு வாங்கி வைத்திருந்தார். சந்து முனையில் நின்று அதைக் காலில் தடவிக்கொள்வார்.

“வெயிலு உண்டோ?” என்பாள் ரத்னபாய்.

“கேக்காத பிள்ளே. மண்ட பிளந்து போச்சு.”

ஐந்தாறு வாரம் போனபோது ரத்னபாயிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வெந்நீர் தயாராக இருந்தது. கால் கழுவினதும் முட்டிக்குத் தடவ எண்ணெய் வந்தது. சோற்றுப் பாத்திரம் பெரிதாயிற்று. ஒருநாள் நெய்மீன் குழம்பு பரிமாறும்போது கேட்டாள்:

“அங்ங காக்கா தொல்ல உண்டுமா?”

“காக்காயா? இல்லியே.”

“இல்லியா?” என்று சொல்லி இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

ரெத்தினதாஸுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் கேட்காமல் இரண்டாவது துண்டு வந்ததில்லை. பாவம், நம்மை நம்புகிறாள் என்று நினைத்தார். சொல்லிவிடலாமா என்றுகூட ஞாயிற்றுக்கிழமை பாடகர் வரிசையில் நிற்கும்போது தோன்றியது. நிமிர்ந்து பார்த்தார். காற்றாடி தெரிந்தது. சொல்லவேண்டாம் என்று முடிவு செய்தார்.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், காலில் சிமெண்டோடு வீட்டுக்குள் நுழைந்தார். மேஜையில் ராபின்சன் அனுப்பிய பார்சல் பிரிந்து கிடந்தது. மறுபடி உபயோகிக்கத் திருப்பி அனுப்பியிருந்த ப்ளாப்பிகள், ரப்பர் வளையம் போட்டு. பக்கத்தில் ஒரு சட்டை. சந்தன நிறம், முழுக்கை, தொட்டால் விரல் வழுக்குகிற துணி.

அவர் கை கழுவக்கூட இல்லை. சட்டையை எடுத்து நெஞ்சோடு வைத்துப் பார்த்தார். நின்றதற்கு ஒரு மரியாதை கிடைத்ததே என்று உண்மையாகவே கண் கலங்கியது. தான் நிற்கவில்லை என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லை.

“கை கொஞ்சம் சின்னதா இருக்கே, ரத்னா.”

“உங்களுக்குச் சின்னதுதான். அவருக்குச் செரியா இருக்கும்.”

“எவருக்கு?”

“அந்த நாற்காலியில இருங்க, சொல்லுதேன்.”

இத்தனை மாதத்தில் அவள் அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரெத்தினதாஸ் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ரத்னபாய் அலமாரி மேலிருந்து காமிராப் பெட்டியை இறக்கினாள். அவர் பையிலிருந்த காமிராவை எடுத்துக் கரண்டில் மாட்டி, ஒரு ப்ளாப்பியைப் போட்டு, ஒரு வயரை எடுத்தாள். ஒரு முனையைக் காமிராவில் செருகினாள், மறு முனையை டி.வி.யில் செருகினாள்.

“அதுக்குக் கம்ப்யூட்டர் வேணும்” என்றார் அவர்.

“வயரு போதும். பொஸ்தகத்துல படம் போட்டு எழுதியிருக்கு. சாருக்கு வாசிக்க நேரமில்லியா?”

டி.வி.யில் முதல் படம் வந்தது. சமையலறைச் சுவர். பக்கத்தில் கட்டம் போட்ட சட்டை, குடை.

“இது நீங்க” என்றாள் ரத்னபாய்.

அடுத்தது. தண்ணீர்த் தொட்டி. கட்டம் போட்ட சட்டை, குடை.

“இதும் நீங்க.”

அதற்கடுத்த படத்தில் குடை காற்றில் சாய்ந்திருந்தது. தலையில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

“இதுல உங்களுக்கு ஒரு காக்கா.” பொத்தானை அமுக்கினாள். “இதுல ரெண்டு. நீங்க அசையல்ல. எனக்க தம்பி இதப் பாத்து அரண்டு போனான். அத்தானுக்கு வாதம் வந்து அப்பிடியே நின்னு போனாரோ, ஓடிப் போய்ப் பாரு அக்கான்னு எனக்கு எழுதினான். நானும் மோரும் சோறும் எடுத்துக்கிட்டு ஓடினேன்.”

“எப்ப?”

“அஞ்சு சனியாழ்ச்ச ஆச்சு.”

வெந்நீரும் எண்ணெயும் நெய்மீனும் வந்த கணக்கு அவருக்குச் சட்டென்று விளங்கியது.

“விஜயதாஸ் எனக்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே.”

“அவரு நல்ல மனுசன். நான் கேட்டதும் உள்ளதச் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லாதேயும்னேன், சொல்லல்ல.”

அவள் கடைசி ப்ளாப்பியைப் போட்டாள். தட்டு கறகறத்தது. இந்தத் தடவை படம் ஆடியது. திருப்புறத்து முற்றம். பொம்மைக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையில் ரத்னபாய், கையில் தூக்குப் பாத்திரம். பொம்மையின் காலரைச் சரிசெய்துகொண்டே காமிராவைப் பார்த்துப் பேசினாள்:

“மக்கா ராபின்சா, பயப்படாத. இது அத்தானில்ல. அத்தான் சர்ச்சில கெடந்து ஒறங்கியாரு. வீடு நல்லா வருது. நிக்கிய ஆளுக்கு ஒரு நல்ல சட்ட அனுப்பு.”

சரியாகப் பதினைந்து வினாடி. ஒரு வார்த்தை குறையவில்லை, ஒரு வார்த்தை மிச்சமில்லை. இந்த ப்ளாப்பியையும் உறையில் போட்டு, ஒட்டி, தபாலாபீசுக்கு நடந்து போய் ஷார்ஜாவுக்கு அனுப்பிவைத்தவர் ரெத்தினதாஸ்தான்.

“ராபின்சன் என்ன சொல்லுதான்?” என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

ரத்னபாய் கடிதத்தை எடுத்து வாசித்தாள்: “அக்கா, அந்த ஆளே நிற்கட்டும், மாற்றவேண்டாம். அவரைப் பார்த்தால் எனக்கு நல்லா தூக்கம் வருகிறது.”

சட்டையை அவர் மடியிலிருந்து எடுத்து மடித்தாள். ரெத்தினதாஸ் இருபத்து மூன்று வருஷத்துத் தைரியத்தையும் சேர்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப நான் இனி சனியாழ்ச்ச திருப்புறம் போயி நிக்கண்டாமா?”

“வேண்டாம்” என்றாள் ரத்னபாய்.

அவருக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. கேட்டிருந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது. மூன்றாவது தீர்மானம், வாழ்க்கையில் முதல் வெற்றி. ஒரு நிமிஷம் அவர் அந்த நாற்காலியில் சாய்ந்து, மனதார, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒரு நிமிஷத்தில் ரத்னபாய் உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். மடியில் வைத்தாள். இளநீலக் கட்டம் போட்ட சட்டை. துவைத்திருந்தாள். ஆனாலும் கையிடுக்கில் நாலைந்து வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

“இது என்னத்துக்கு?”

“பொன்னுதாசுக்கு இனி சனியாழ்ச்ச லீவு. அம்பூரியில அவருக்கு ரப்பர் பால் வெட்டு வேல உண்டாம், பாவம் ரொம்ப நாளாட்டு கேக்காரு. ஒரு ஆளு அன்னைக்கு முழுசும் சர்ச்சுக்குள்ளதானே இருக்காரு, தூத்து வார வேற ஆளு எதுக்குன்னு கமிட்டியில நான் சொல்லியாச்சு. எல்லாரும் கை தூக்கியாச்சு. போதகரு உங்களுக்காக ஜெபமும் பண்ணினாரு.”

ரெத்தினதாஸ் சட்டையிலிருந்து ஒரு வைக்கோலை உருவினார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“நாப்பத்திரண்டு பெஞ்சு உண்டு” என்றாள் ரத்னபாய், வயரைச் சுருட்டிக்கொண்டே. “எல்லாத்தையும் நின்னுதான் தொடைக்கணும்.”